ஹெல்த் ப்ரமோஷன் பிளான் எழுதப் போறீங்களா, முதல்ல ஊர்ல யாரு எப்போ இருப்பாங்கன்னு பாருங்க

கம்யூனிட்டி போஸ்டிங் (ஊருக்குள்ள போய் செய்யற பயிற்சி) போற நர்சிங் ஜூனியர்ஸ், ஊர் ஜனங்க ஆரோக்கியத்துக்கான இந்தப் பிளானை எப்படி எழுதறதுன்னு தனித்தனியா கேட்டுட்டே இருக்கீங்க, அதனால ஒரே இடத்துல எழுதிடறேன். நான் படிச்சு முடிச்சு இப்போ ஒரு பிளாக்ல வேலை பாக்கறேன், ஸ்டூடண்ட்ஸ் போஸ்டிங் வரும்போது அவங்க ரெக்கார்டும் அப்பப்போ கண்ணுல படும். பாதிக்கு மேல ரெக்கார்டுல ஒரே வரி தான் இருக்கு, "ஊராட்சி, பள்ளி, அங்கன்வாடி, மகளிர் சுய உதவிக் குழு, தொண்டு நிறுவனங்களுடன் இணைந்து விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும்". எக்ஸாமினர் சரியா இங்க தான் புடிப்பாங்க. இணைஞ்சு யாரு, என்ன பண்ணுவாங்க, எந்தக் கிழமை, அவங்க ஏன் அதைப் பண்ணணும்? இந்த நாலுக்கும் பதில் இல்லாத பேரு பிளான்ல இருக்கவே கூடாது. நான் சொல்ல வர்றது இவ்ளோ தான், மீதியெல்லாம் அதை எப்படி செய்யறதுங்கறது.

எங்க டாபிக் ரத்தசோகை, வளரிளம் பொண்ணுங்களும் கல்யாணமான சின்ன வயசு பொண்ணுங்களும். ஏன் அதுன்னு வைவால, அதாவது வாய்மொழித் தேர்வுல, கேட்டா சும்மா "இந்தியால அதிகம்"னு சொல்லாதீங்க, தேசிய குடும்ப நல சர்வே என்எஃப்எச்எஸ்-5 படி தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசுக்குள்ள பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, முந்தின சர்வேல 55, அதாவது அஞ்சு வருஷத்துல பெருசா அசையவே இல்ல. மாத்திரை இருக்கு, திட்டம் இருக்கு, 2018ல இருந்து அனீமியா முக்த் பாரத்னு (ரத்தசோகை இல்லாத இந்தியா) தனியாவே ஓடுது, அப்புறமும் ஏன் அசையலங்கற கேள்வில இருந்து தான் உங்க பிளான் ஆரம்பிக்கணும். மாத்திரை கிராமம் வரைக்கும் வந்துடுது, வயித்துக்குள்ள போறது தான் இல்ல, அந்தக் கடைசி ரெண்டடி தூரத்துல நிக்கறது நீங்களோ நானோ இல்ல, டீச்சரும் அம்மாவும் ரேஷன் கடைக்காரரும் தான்.

ஊருக்குப் போனதும் கேள்வித்தாளைத் தூக்கிட்டு வீடு வீடா ஏறாதீங்க. முதல்ல விஎச்என் அக்கா, அதாவது கிராம சுகாதார செவிலியர். அவங்ககிட்ட ரிஜிஸ்டர் இருக்கு, பிக்மி (கர்ப்பிணிங்க, குழந்தைங்க விவரம் பதியற ஆன்லைன் பதிவு) என்ட்ரி இருக்கு, யாரு வீட்ல என்ன பிரச்சனைன்னு மனசுலயே ஒரு மேப் இருக்கு. ஆனா செவ்வாய்க்கிழமை பிஎச்சில (ஆரம்ப சுகாதார நிலையம்) கர்ப்பிணிகளைப் பாக்கற ஏஎன் கிளினிக், புதன்கிழமை தடுப்பூசி, அந்த ரெண்டு நாள்ல போய் "அக்கா ஒரு டீடெயில் வேணும்"னு நின்னீங்கன்னா அவங்க பேசற டோனே வேற மாதிரி இருக்கும், நியாயம் தான். மத்த நாள்ல ஃபீல்டுக்குப் போகும்போது கூடவே நடங்க, பைய வாங்கி நீங்க தூக்குங்க, நடக்க நடக்க அவங்க சொல்றது தான் உங்க கம்யூனிட்டி அசெஸ்மென்ட்ல நல்ல பாதி.

அடுத்து ஸ்கூல். வாரத்துக்கு ஒரு நாள் நீல கலர் மாத்திரை, இரும்புச்சத்தும் ஃபோலிக் ஆசிடும், மத்தியான சாப்பாட்டுக்கு அப்புறம் டீச்சர் முன்னாடியே முழுங்கணும், வருஷத்துக்கு ரெண்டு தடவை குடற்புழு மாத்திரை, அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். பேப்பர்ல இது அழகா இருக்கு. நிஜத்துல பாதி பொண்ணுங்க வாய்ல போட்டு நாக்குக்கு அடில வெச்சு வெளிய போய் துப்பிடறாங்க, ஏன்னு தனியா உக்காந்து கேட்டா வயித்தப் புரட்டுது, மோஷன் கருப்பா போகுது, ஏதோ ஆயிடுச்சுன்னு பயமா இருக்கு, அம்மா போடாதன்னு சொல்லிட்டாங்க, இப்படி வரும். கருப்பா போறது மாத்திரையால தான், அதுல ஒண்ணும் ஆபத்தில்லன்னு யாராச்சும் முன்கூட்டியே சொல்லிருந்தா பாதிப் பிரச்சனை இருக்காது. டீச்சர் பக்கமும் பாருங்க, எங்கயோ மாத்திரை போட்ட பசங்க வாந்தி எடுத்து டிவில வந்த நியூஸ் ஒண்ணு போதும், எந்த ஹெச்எம்முக்கும் (தலைமை ஆசிரியர்) கை நடுங்கும். அவருக்கு விழிப்புணர்வு லெக்சர் வேணாம், தைரியம் வேணும். அதனால பிளான்ல "பள்ளியுடன் இணைந்து"ன்னு எழுதாம, "முதல் நாலு வாரம் மாத்திரை குடுக்கற நாள்ல ஸ்டூடண்ட் நர்ஸ் ஒருத்தர் ஸ்கூல்ல இருப்பார், வாந்தி வந்தா யாருக்கு போன் பண்ணணும்னு நம்பர் ஆபீஸ் ரூம்ல ஒட்டி இருக்கும், வெறும் வயித்துல யாருக்கும் குடுக்க மாட்டாங்க"ன்னு எழுதுங்க. இதுல ஹெச்எம்முக்கு என்ன கிடைக்குதுன்னு கேட்டா பதில் அதுலயே இருக்கு.

ஸ்கூல் லிஸ்ட்ல இல்லாத பொண்ணுங்க தான் நிஜமான தலைவலி. படிப்பை நிறுத்துன பொண்ணுங்களுக்கு அங்கன்வாடி வழியா மாத்திரை போகணும், ஆனா எங்க ஊர்ப்பக்கம் அந்த வயசுப் பொண்ணுங்க வீட்லயே இல்ல, விடிஞ்சும் விடியாம கம்பெனி வேன்ல ஏறி மில்லுக்குப் போறாங்க, திரும்பி வரும்போது அங்கன்வாடி பூட்டி எவ்ளோ நேரமோ ஆயிருக்கும். ஸ்கூல் ரிஜிஸ்டர்லயும் இல்ல, அங்கன்வாடி ரிஜிஸ்டர்ல பேரு மட்டும் இருக்கும். இவங்களை யாரு பாக்கறான்னு தேடினா கிடைச்சது மக்களைத் தேடி மருத்துவம் வாலன்டியர் அக்கா தான். 2021 ஆகஸ்ட் 5 அன்னைக்கு கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில ஆரம்பிச்ச திட்டம் இது, பிபி, சுகர் பாத்து வீட்டுக்கே மாத்திரை கொண்டு போய் குடுக்கறவங்க மகளிர் குழுல இருந்து எடுத்த பொண்ணுங்க. பாட்டிக்கு பிபி பாக்க அந்த வீட்டுக்கு எப்படியும் போறாங்க, அதே வீட்டுப் பேத்தியைப் பத்தி ரெண்டு வார்த்தை கேக்கறது அவங்களுக்குக் கஷ்டமில்ல. இதை எக்ஸாம்ல எழுதும்போது புது ஆளைப் போடல, ஏற்கனவே அந்த வாசப்படி ஏறுறவங்களை பயன்படுத்தறோம்னு ஒரு வரி சேத்துடுங்க, இது மார்க் வாங்கும்.

மகளிர் குழு மீட்டிங் பத்தி ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்லித்தர மாட்டாங்க. அந்த மீட்டிங்கோட உயிரே சேமிப்பும் லோன் டியூவும் தான். பணம் எழுதி முடிச்சா அடுத்த நிமிஷம் எல்லாரும் எழுந்துடுவாங்க, அடுப்புல உலை கிடக்கும். அதனால குழுவை நடத்தற ஊக்குநர் அக்காகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சு, பணம் வசூல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கேளுங்க, பின்னாடி கேட்டா நீங்களும் சுவரும் தான் பேசிக்கணும். நூறு நாள் வேலை தளமும் அப்படித்தான், காலைல ஆப்ல போட்டோ எடுத்து அட்டெண்டன்ஸ் போட்டு முடியற வரைக்கும் பணித்தளப் பொறுப்பாளர் டென்ஷன்ல இருப்பாங்க, அது முடிஞ்சு நிழல்ல உக்காந்து தண்ணி குடிக்கற நேரம் தான் உங்க நேரம். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா சாப்பாட்டுல இருக்கற இரும்புச்சத்து உடம்புல சரியா சேராதுன்னு அங்க சொன்னப்போ ஒரு அம்மா, அப்போ டீயை எப்போ குடிக்கறது நீயே சொல்லுன்னு கேட்டாங்க, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்கன்னு சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க, ஆனா அடுத்து முருங்கைக்கீரை, நெல்லிக்காய், எலுமிச்சைன்னு பேச்சு அவங்க வாய்ல இருந்தே வந்துச்சு.

ரேஷன் கடை சேல்ஸ்மேனை பிளான்ல யாருமே எழுத மாட்டாங்க, நான் கண்டிப்பா எழுதச் சொல்லுவேன். செறிவூட்டப்பட்ட அரிசி வருது இல்ல, நூறு அரிசிக்கு ஒண்ணுங்கற கணக்குல இரும்பு, ஃபோலிக் ஆசிட், பி12 சேத்த மணி கலந்திருக்கும். கழுவும்போது அது தனியா தெரியுதுன்னு "பிளாஸ்டிக் அரிசி"ன்னு சொல்லி பொறுக்கி எறியறாங்க. கவர்மென்ட் காசு போட்டு அனுப்பற இரும்புச்சத்து கழனித் தண்ணில போகுது. ஜனங்க இந்த சந்தேகத்தை கேக்கறது டாக்டர்கிட்ட இல்ல, எடை போடறவர்கிட்ட, அவர் "எனக்கென்னம்மா தெரியும், மேல இருந்து வருது"ன்னு சொன்னா வதந்தி உறுதி ஆயிடும். அவர்கிட்ட ஒரு துண்டு சீட்டு குடுத்து, ஒரே ஒரு பதில் சொல்லிக்குடுத்தா போதும், அதுல அவருக்கும் லாபம், கவுண்டர்ல சண்டை குறையும்.

இப்போ கொஞ்சம் சங்கடமான விஷயம். மீட்டிங் எந்த இடத்துல வெக்கறீங்கங்கறது யாரு வருவாங்கங்கறதை முடிவு பண்ணிடும். கோயில் மண்டபத்துல வெச்சா காலனிப் பக்கத்துல இருந்து ஆள் வராது, வந்தாலும் ஓரமா நிப்பாங்க, அதே மாதிரி காலனி அங்கன்வாடில வெச்சா ஊருக்குள்ள இருந்து வர்றவங்க குறைவு. எங்க டெக்ஸ்ட்புக்ல "அனைத்துத் தரப்பினரும் பங்கேற்பர்"னு ஒரே வரில முடிச்சிருந்தாங்க. ஸ்கூல் கிரவுண்டு ஓரளவுக்குப் பொதுவான இடம், அது கிடைக்கலன்னா ரெண்டு இடத்துலயும் தனித்தனியா வெச்சுட்டு, ரெண்டு பக்கமும் எவ்ளோ பேர் வந்தாங்கன்னு தனியா எழுதுங்க. சேத்து எழுதினா கூட்டம் நல்லா தெரியும், விடுபட்டவங்க தெரிய மாட்டாங்க. அப்புறம் பேனர். தலைவர் போட்டோ போட்டா முன்னாள் தலைவர் ஆளுங்க வர மாட்டாங்க, போடலன்னா தலைவர் வர மாட்டார். பேனரே வேணாம், அந்தக் காசுக்கு எலுமிச்சம்பழம் வாங்கலாம்.

காசுன்னு சொன்னதும் ஞாபகம் வருது, பட்ஜெட் எங்கிருந்துன்னு கண்டிப்பா கேப்பாங்க. கிராம சுகாதார ஊட்டச்சத்துக் குழுவுக்கு வருஷத்துக்கு 10,000 ரூபா நிபந்தனையில்லா நிதின்னு என்ஆர்எச்எம் (தேசிய ஊரக சுகாதார இயக்கம்) காலத்துல இருந்தே இருக்கு, அதுல எதுக்கு எவ்ளோ கேக்கப்போறீங்கன்னு எழுதுங்க. கிராம சபை தமிழ்நாட்டுல வருஷத்துக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்க போஸ்டிங் தேதிக்குப் பக்கத்துல எது வருதோ அதைப் பிளான்ல குறிச்சிடுங்க.

தியரி பக்கம் சுருக்கமா. 1986 ஒட்டாவா சாசனம், ஹெல்த் ப்ரமோஷனுக்கான முதல் உலக மாநாட்டுல வந்தது, அஞ்சு செயல்பாட்டுத் தளம். எல்லாரும் மனப்பாடமா எழுதுவாங்க, நீங்க ஒவ்வொண்ணுக்கும் ஊர் ஆளைப் பக்கத்துல எழுதுங்க: கொள்கைக்கு கிராம சபை தீர்மானம், சூழலுக்கு ஸ்கூல்ல குடிதண்ணியும் டாய்லெட்டும், சமூகச் செயல்பாட்டுக்கு மகளிர் குழு, தனிநபர் திறனுக்கு அங்கன்வாடில சமையல் செஞ்சு காட்டறது, சுகாதார சேவையை மாத்தி அமைக்கறதுக்கு மில்லுக்குப் போற பொண்ணுங்களுக்காக சாயங்காலத்துல எச்பி (ரத்தத்துல ஹீமோகுளோபின் அளவு) டெஸ்ட். கூட்டாண்மைக்குன்னு தனியா கேட்டா அதே மாநாட்டு வரிசைல வந்த 1997 ஜகார்த்தா பிரகடனம் சொல்லுங்க. பிளானிங் மாடல் கேட்டா கிரீனோட ப்ரிசீட்-ப்ரொசீட், அதுல ஒரு பழக்கத்துக்குப் பின்னாடி இருக்கற மூணு காரணி போதும்: மனசுல இருக்கறது, கைக்குக் கிடைக்கறது, சுத்தி இருக்கறவங்க தர்ற ஊக்கம். கருப்பா மோஷன் போகும்ங்கற பயம் ஒண்ணு, மாத்திரை ஸ்டாக்கும் தண்ணியும் ரெண்டு, அம்மாவும் டீச்சரும் என்ன சொல்றாங்கங்கறது மூணு.

வைவால ஒரு நல்ல உதாரணம் கைல இருக்கட்டும், மகாராஷ்டிரால ஜாம்கேட். ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே டாக்டர் தம்பதி 1970ல அங்க ஒரு கிராம சுகாதாரத் திட்டத்தை ஆரம்பிச்சாங்க, பஞ்ச காலம், ஜனங்களுக்கு முதல்ல வேண்டியிருந்தது தண்ணியும் சாப்பாடும், மருந்து அதுக்கப்புறம் தான். விவசாயிகள் சங்கம், மகளிர் மன்றம் இதெல்லாம் கட்டி, ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளரா ஆக்கினாங்க, 1979ல ரெண்டு பேருக்கும் மகசேசே விருது. ஊர் கேக்கறதை முதல்ல கேட்டுட்டு அப்புறம் நம்ம டாபிக்னு சொல்லுறதுக்கு இதைவிட நல்ல சான்று சட்டுனு கிடைக்காது.

15 மார்க் கேள்வியா வந்தா ஒரே ஒரு டேபிள் போடுங்க: யாரு, இப்போ என்ன செய்யறாங்க, நாம என்ன கேக்கறோம், அவங்களுக்கு என்ன, எப்போ. குறிக்கோள் எழுதும்போது "ரத்தசோகையைக் குறைத்தல்"னு விடாதீங்க, ஆரம்ப எச்பி அளவு கையில இல்லாம இத்தனை சதவீதம் குறைப்போம்னும் அள்ளி விடாதீங்க, கர்ப்பிணி இல்லாத பொண்ணுக்கு 12க்குக் கீழ, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழன்னு கட்-ஆஃப் எழுதிட்டு, நம்மால எண்ணக்கூடியதை எழுதுங்க, உதாரணத்துக்கு மாத்திரையை டீச்சர் முன்னாடி முழுங்கின பொண்ணுங்க எத்தனை பேர், மில்லுக்குப் போற பொண்ணுங்கள்ல எத்தனை பேருக்கு எச்பி பாத்தாச்சு. மதிப்பீடு இதுலயே முடிஞ்சிடும்.

கடைசியா எல்லா எக்ஸாமினரும் கேக்கற கேள்வி, நீங்க போனப்புறம் யாரு பண்ணுவா? "சமூகம் தானே தொடரும்"னு சொல்லாதீங்க. மாத்திரை நாளுக்கு எந்த டீச்சர், மில்லுப் பொண்ணுங்க லிஸ்ட் எந்த வாலன்டியர் அக்கா கையில, ஸ்டாக் தீர்ந்தா விஎச்என் அக்காவுக்கு யாரு சொல்லுவா, இதைப் பொறுப்பு வாரியா எழுதி ஆளுக்கு ஒரு காப்பி குடுத்துட்டு, ஒரு காப்பில கையெழுத்து வாங்கி ரெக்கார்டுல ஒட்டுங்க. கிராம சபைல தீர்மானம் போட்டிருந்தா அந்த நம்பரும் தேதியும் குறிச்சிட்டு வாங்க, அதைக் காட்டினீங்கன்னா அவங்க அடுத்த கேள்வியை வேற சாப்டர்ல இருந்து தான் கேக்கணும்.