மெழுகு உருவம்: ஒடியோலையிலிருந்து முதல் மண் பூச்சு வரை

மெழுகு உருவத்தின் மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவதுதான் சுவாமிமலை வார்ப்பு முறை. அதில் 18 செ.மீ. உயர அம்மன் உருவம் ஒன்று மெழுகில் முடிந்து, முதல் மண் பூச்சும் காய்ந்தாயிற்று. ஸ்தபதியின் பட்டறையில் இப்போதுதான் கை வைக்கத் தொடங்கியவர்களுக்கு உதவும் என்று, இதுவரையிலான கணக்கும் கோளாறுகளும் கீழே.

இந்த அம்மனுக்கு நவதாளம், அதாவது உயரத்தை ஒன்பது தாளமாகப் பிரிக்கும் சிற்ப அளவு; மொத்தம் 108 அங்குலம் (இது இஞ்ச் அல்ல, உருவத்தின் உயரத்தில் ஒரு பங்கு). ஒரு தாளம் 12 அங்குலம். 18 செ.மீ. உயரத்துக்குத் தாளம் 2 செ.மீ., அங்குலம் சுமார் 1.67 மி.மீ. ஸ்கேலில் இதைத் தேடினால் கண்தான் வலிக்கும். தென்னை ஓலையை உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி, மூன்றாக மடித்து, அதை மீண்டும் மூன்றாக மடித்தால் ஒன்பது தாளமும் வந்துவிடும். அதுதான் ஒடியோலை. பங்கீடு: முகம் 12, கழுத்து 4, அங்கிருந்து மார்பு 12, தொப்புள் 12, அடிவயிறு 12, தொடை 24, முழங்கால் 4, கணைக்கால் 24, பாதம் 4. நான்கு அங்குலம் தாளத்தில் மூன்றில் ஒன்று என்பதால் அதற்கும் மடிப்பே போதும். முதல் உருவம் நேராக நிற்பதாகவே இருக்கட்டும். உடல் மூன்று இடத்தில் வளைந்து நிற்கும் திரிபங்கத்தில் இடுப்பு சாயும்போது உயரம் குறைந்து கணக்கு குழம்பும்.

மெழுகுக் கலவை: தேன்மெழுகு 400 கிராம், குங்கிலியத்தூள் (மரப்பிசின் தூள்) 400, கடலை எண்ணெய் 100. சிறு தீயில் உருக்கித் துணியில் வடிகட்டித் தண்ணீரில் விட வேண்டும். வடிகட்டாவிட்டால் குங்கிலியத்தில் உள்ள தூசு முகத்தில்தான் வந்து நிற்கும். இந்த அளவை எழுதி வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. உச்சிவெயிலில் இதே கலவை குழைந்து கை தொங்கிப்போகும். குளிர்ந்த காலையில் விரல் நுனி ஒடியும். ஸ்தபதி ஒரு துண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே, குங்கிலியம் கூட்டவா எண்ணெய் கூட்டவா என்று சொல்லிவிடுகிறார். அவர் அழுத்திய துண்டையே உடனே வாங்கி நாமும் அழுத்திப் பார்ப்பதுதான் இதைப் பிடிக்க வழி.

கை, கால், தலை தனித்தனியாகச் செய்து சூட்டுக்கோலால் ஒட்டுகிறோம். கோல் அதிகம் சுட்டால் மெழுகு புகைந்து வழியும், பக்கத்து நகை வேலை மழுங்கும். ஒவ்வொரு ஒட்டுக்கும் பிறகு உருவத்தைத் தண்ணீரில் போட்டு இறுக விடுவது நல்லது.

மண் பூசும் முன் எடை போட மறக்கக் கூடாது. பூசிய பின் வழியே இல்லை. உலோகம் மெழுகைப் போல 8, 9 மடங்கு கனம். உலோகம் ஓடும் வாய்க்கால் மெழுகையும் சேர்த்து 180 கிராம் வந்ததால், 9 மடங்கு வைத்து 1.62 கிலோ, கொஞ்சம் கூடுதலாக 1.75 கிலோ உருக்குவதாக உத்தேசம்.

முதல் பூச்சு காவிரி வண்டல் மண். மிக நன்றாகச் சலித்து, கூழாகக் கரைத்து, சுமார் 3 மி.மீ. கனத்துக்குப் பூச வேண்டும். நகை இடுக்கில் காற்றுக் குமிழ் தங்கினால் அந்த இடத்தில் உலோகம் புகுந்து மணி மணியாக நிற்கும். உளியில் அதைச் செதுக்கி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மெல்லிய தூரிகையால் இடுக்குகளில் முதலில் தொட்டுவிட்டால் பாதித் தொல்லை தீரும். காய வைப்பது நிழலில் மட்டும். வெயிலில் மெழுகு விரிந்து மண்ணில் கீறல் விழும், கீறலில் உலோகம் தகடாக ஓடும்.

அடுத்து வயல் களிமண்ணும் மணலும் கலந்த இரண்டாம் பூச்சு, அது காய்ந்ததும் கம்பிக் கட்டு. மெழுகை உருக்கி வெளியேற்றிய பிறகும் அச்சைத் தொடர்ந்து சுட வேண்டும். ஈரம் மிஞ்சினால் ஊற்றும்போது நீராவி உலோகத்தை மேலே எறியும். அந்தக் கட்டத்தை ஸ்தபதி இல்லாமல் செய்யவே கூடாது.