டிரோல் கோட்டையில் ஒரு வெள்ளிக்காசு

மெரானில் பஸ் ஏறி டிரோல் கிராமத்தில் இறங்கினேன். அங்கிருந்து கோட்டைக்கு நடந்துதான் போக வேண்டும். வழியெல்லாம் ஆப்பிள் தோட்டம், நடுவில் குன்றைக் குடைந்த சின்னச் சுரங்கப்பாதை. அதைத் தாண்டினால் பள்ளத்தாக்கின் விளிம்பில் கோட்டை. நாடு இத்தாலிதான், ஆனால் காதில் விழுந்ததெல்லாம் ஜெர்மன்.

நான் வந்தது இரண்டாம் மைன்ஹார்டுக்காக. டிரோலை ஒரு நாடாகக் கட்டியெழுப்பிய பிரபு அவர். 1252-ல் அவருடைய அப்பாவும் தாய்வழித் தாத்தாவும் கிரைஃபன்பர்க்கில் எதிரியிடம் பிடிபட்டார்கள். அவர்களை மீட்க ஒப்புக்கொண்ட பணத்துக்கு மைன்ஹார்டையும் தம்பி ஆல்பர்ட்டையும் பிணையாகக் கொடுத்தார்கள். ஓடியாட வேண்டிய வயதை அந்தப் பிள்ளைகள் சால்ஸ்பர்க் மலையில் ஹோஹென்வெர்ஃபன் கோட்டைக்குள் கழித்தார்கள். வருடக்கணக்கில். அதைப் படித்த நாளிலிருந்தே இந்த மனிதர் என் மனதை விட்டுப் போகவில்லை.

1271-ல் அண்ணனும் தம்பியும் சொத்தைப் பிரித்துக்கொண்டார்கள். தம்பிக்குக் கோரிசியா, இவருக்கு டிரோல். ஏட்டளவில் அந்த மண்ணில் பெரும்பகுதி ட்ரெண்டோ, பிரிக்ஸன் ஆயர்களுடையது. பிரபு அவர்களுடைய காவலர் மட்டுமே. மைன்ஹார்ட் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கைக்குள் கொண்டுவந்தார். திருச்சபை அவரை விலக்கி வைத்தும் அவர் நிற்கவில்லை. ஆயர்களுக்கு நேர்ந்தது அநியாயம் என்பதை நான் மறுக்கவில்லை.

மாளிகைக்கும் சிற்றாலயத்துக்கும் போகும் வாசல்களில் பளிங்குச் சிற்பங்கள். விலங்குகளும் மனிதர்களும் பின்னிக் கிடக்கிறார்கள். எல்லோரும் அங்கேதான் நிற்கிறார்கள், நானும் நின்றேன். அப்புறம் அந்தக் காசைப் பார்த்தேன். விரல் நுனி அளவுக்கு மெல்லிய வெள்ளி. ஒரு பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிலுவை, மறுபக்கம் டிரோலின் கழுகு. சுற்றிலும் அவர் பெயர். மெரான் அக்கசாலையில் அடித்தது. அந்த வட்டாரத்தில் புழங்கிய வெரோனா சில்லறைக் காசு இருபதுக்கு இது ஒன்று. கணவாய் வழியே சரக்கோடு வரும் வணிகருக்குச் சில்லறை மூட்டையைச் சுமக்கும் பாடு குறைந்தது. ஜெர்மனில் சிலுவைக்கு ‘க்ராய்ட்ஸ்’ என்று பெயர், அதனால் இந்தக் காசுக்கு ‘க்ராய்ட்ஸர்’ என்று பெயர் வந்தது. ஆஸ்திரியாவில் 1892 வரை அந்தப் பெயரில் காசு இருந்தது!

வரவு செலவையும் எழுதி வைக்கச் செய்தார். 1288-ல் தொடங்கும் அந்தக் கணக்கேடுகள் இன்றும் இருக்கின்றன. ஆல்ப்ஸில் எத்தனையோ பிரபுக்கள் வாளோடு நின்றார்கள். இவர் கணக்கோடு உட்கார்ந்தார். தானே ஒரு கடனுக்குப் பிணையாக இருந்தவர் அல்லவா, அதனால்தானோ என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அவர் மணந்தது எலிசபெத்தை, ஜெர்மன் மன்னர் நான்காம் கொன்ராட் என்பவருடைய விதவையை. அவளுடைய மகன் கொன்ராடினுக்கு 16 வயதில், 1268-ல், நேப்பிள்ஸில் தலை போனது. இத்தாலிக்குப் புறப்பட்ட அந்தப் பையனோடு வெரோனா வரை மைன்ஹார்டும் போயிருந்தார். பிறகு 1273-ல் கணவனும் மனைவியும் ஸ்டாம்ஸில் ஒரு மடம் நிறுவினார்கள். அந்தப் பிள்ளையின் நினைவாகத்தான் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள்.

1286-ல் இன்றைய ஆஸ்திரியாவில் இருக்கும் கரிந்தியாவின் டியூக் பட்டமும் வந்தது. 1295-ல் அவர் உயிர் பிரிந்த இடம் கிரைஃபன்பர்க், அப்பா பிடிபட்ட அதே ஊர். உடலை மலைகளைத் தாண்டி ஸ்டாம்ஸுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். நாளைக் காலை நானும் அங்கே கிளம்புகிறேன்.