கயிற்றுக்குள் இரண்டு விரல்

"கொண்டு வராதவனை எல்லாம் விட்டுட்டு, கொண்டு வந்தவனைத்தான் திட்டுவீங்களா சார்?"

கோபமாகக் கேட்டிருந்தால் அன்றே மறந்திருப்பேன். நாயைக் கொண்டு வந்த தோப்புக்காரர் மெதுவாகத்தான் கேட்டார், அதுவும் அதன் பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டே.

காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மாந்தோப்புக் காவல் நாய் அது. குட்டியாக இருந்தபோது கட்டிய நைலான் கயிறு. குட்டி வளர்ந்தது, கயிறு வளரவில்லை. சீசன் முடிந்ததும் தோப்புக்கு ஆள் போவது குறைந்துவிட்டது. நாய் மட்டும் அங்கேயே. வாடை தாங்க முடியாமல் போன பிறகுதான் ஆட்டோ வைத்து நான் டாக்டராக இருக்கும் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கி வந்தார். மயக்க ஊசி போட்டு, முடியை மழித்துப் பார்த்தால் கயிறு கண்ணுக்கே தெரியவில்லை. சதை மூடியிருந்தது. வெட்டி எடுத்துவிட்டு டர்பன்டைன் வைத்ததும் புழு மேலே வர ஆரம்பித்தது. இடுக்கியால் எடுக்க எடுக்க எனக்குக் கோபம் ஏறியது.

"உங்க கழுத்துல இதே மாதிரி ஒரு கயிறைக் கட்டி ஆறு மாசம் விடட்டுமா?" என்றேன். இன்னும் இரண்டொன்று சொன்னேன், அதை இங்கே எழுத விருப்பமில்லை. ஆடு, கன்றோடு வெளியே நின்ற ஏழெட்டுப் பேருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் சொன்னதில் தப்பு என்ன? நாய்க்காக வேறு யார் கேட்பது? 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம். எந்நேரமும் கட்டிக் கிடக்கும் நாயை அவிழ்த்து நடக்க விடாததும் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அவர் கொடுத்த ஆட்டோ வாடகையே அதைவிட அதிகம். சரி, புகார் கொடுக்கிறேன் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த தோப்புக்காரர் தன் நாயைக் கொண்டு வருவாரா? வாடை வந்தால் எங்காவது தொலைவில் அவிழ்த்து விட்டுவிட்டு வந்துவிடுவார்.

எல்லாம் முடிந்த பிறகு நிதானமாகவும் பேசினேன். கட்டுகிற கயிற்றுக்குள் இரண்டு விரல் போக வேண்டும், வாரம் ஒருமுறை விரலை விட்டுப் பாருங்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் புண்ணுக்கு மருந்து வைக்க வாருங்கள், ஆறியதும் வெறிநாய்த் தடுப்பூசி போட்டுவிடலாம் என்றேன். "சரிங்க சார்" என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

"நீங்க கேட்டது நியாயம்தான் சார். ஆனா இனி வரமாட்டார்" என்றார் உதவியாளர். எனக்கு அவர் மேலும் எரிச்சல் வந்தது.

வரவில்லை. பதிவேட்டில் ஊர்ப் பெயர் இருந்தது. அந்த வாரம் கோமாரித் தடுப்பூசி முகாம், விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டியிருந்தது. இது உண்மை. முகாமுக்குப் போகிற வழியில்தான் அந்தத் தோப்புக்குத் திரும்ப வேண்டும் என்பதும் உண்மை. ஒருநாள் திருப்பத்தில் வண்டியை மெதுவாக்கினேன். போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

எனக்குத் தெரிந்த இன்னொரு டாக்டர் யாரையும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அவரிடம் எல்லோரும் திரும்ப வருகிறார்கள். அதே புண்ணோடும் வருகிறார்கள். அதனால் அவர் வழி சரி என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் திரும்ப வருகிற புண்ணுக்கு மருந்தாவது வைக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு அம்மா குடற்புழு மருந்துக்கு வெள்ளாட்டைப் பிடித்து வந்தார். பதிவேட்டில் எழுதும்போது சொன்ன பெயரையும் ஊரையும் கேட்டதும் தெரிந்துவிட்டது, அந்தத் தோப்புக்காரர் வீட்டம்மா. நாயைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. மருந்து ஊற்றும்போது ஆட்டின் கழுத்துக் கயிற்றுக்குள் என் விரல்கள் தாமாகப் போயின. தாராளமாக இருந்தது. அந்த அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாயை இப்ப கட்டறதே இல்லைங்க சார்" என்றார்.

செத்துப்போனதா, தடுப்பூசி போடாமலே ஊருக்குள் அவிழ்ந்து திரிகிறதா? கேட்க வாயெடுப்பதற்குள் அடுத்தவர் கன்றோடு உள்ளே வந்துவிட்டார். அவரைக் கொஞ்சம் வெளியே நில்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம்.