ஹெசரகட்டா காடைக் குறிப்புகள்

ஜூலை 6, ஞாயிறு

ஊரிலிருந்து வந்திருக்கும் மாமாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு பெங்களூரு பக்கத்தில் இருக்கும் ஹெசரகட்டா புல்வெளிக்குப் போனேன். மழைக்குப் பின் புல் முழங்கால் உயரம். காலடியிலிருந்து படபடவென்று ஒன்று கிளம்பி, சற்றுத் தள்ளி விழுந்து மறைந்தது. பழுப்பு முதுகு என்பதற்குமேல் எதுவும் பிடிபடவில்லை.

"காடைதான் மாப்ளே. விழுந்த இடத்துல தேடாதே, அது இந்நேரம் ஓடியிருக்கும்" என்றார் மாமா. தருமபுரிக்காரர், சின்ன வயதில் கண்ணி வைத்தவர். இப்போது அது சட்டப்படி குற்றம் என்று சொல்லிவைத்தேன். கடையில் வறுத்துத் தருவது பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடை, அது வேறு.

ஜூலை 7

சாதாரணக் காடை இங்கே குளிர்கால விருந்தாளி, ஜூலைக்கு ஒத்துவராது. புதர்க்காடை என்றால் கூட்டமாக வெடித்துக் கிளம்பும். நாங்கள் பார்த்தது ஒற்றை. மிச்சம் ரெயின் குவெயில் என்ற காடையும், காடை போலவே இருக்கும் பட்டன்குவெயில் என்ற பறவையும்.

ஜூலை 13, ஞாயிறு

மண்பாதை ஓரம் உட்கார்ந்து காதை மட்டும் தீட்டிக்கொண்டோம். 'ட்ர்ர்ர்ர்' என்று தூரத்தில் புல்லட் வண்டி ஓடுவதுபோல ஒரு சத்தம். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் நிஜ புல்லட்டுகளும் வரும் என்பதுதான் தொல்லை. ஆனால் இது நகரவில்லை, புல்லுக்குள்ளேயே நின்று உறுமியது. பட்டன்குவெயில்! இந்தச் சத்தம் போடுவது பெட்டை.

ஜூலை 20, ஞாயிறு

இன்று பாதையிலேயே வந்து நின்றது. கறுத்த தொண்டை, மார்பில் வரிவரியாகக் கறுப்பு, வெளிறிய கண், சாம்பல் கால். வரிப் பட்டன்குவெயில், அதுவும் பெட்டை. இந்த இனத்தில் பெட்டைதான் பெரிது, நிறமும் அதற்குத்தான். முட்டையிட்டுவிட்டு அடுத்த ஜோடி தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண். காலில் மூன்றே விரல், பின்விரல் கிடையாது. ஈரமண் தடத்தை வைத்து மட்டும் முடிவு கட்டக்கூடாது. நிஜக் காடையின் பின்விரலும் குட்டிதான், சில நேரம் பதியாது.

உறவுமுறையில் இது காடையே இல்லை, ஆள்காட்டிக்குத்தான் நெருக்கம் என்றேன். மாமா ஒப்பவில்லை.

"காடை மாதிரி ஓடுது, காடை மாதிரி ஒளியுது. அப்புறம் என்ன?"

கிளம்பும்போது ஏரிப் பக்கமிருந்து 'விட்-விட்' என்று இரட்டைக் குரல், விடாமல். அது ரெயின் குவெயில் ஆண். மார்பில் கறுப்புத் திட்டைப் பார்த்துவிட வேண்டும் என்று மாமா டிக்கெட்டைத் தள்ளிப் போட்டிருக்கிறார்.