வேண்டும், கூடாது, தேவையில்லை: வகுப்பறை நாட்குறிப்பு

ஜூன் 3

ஆங்கிலத்தில் அறிவுரை, கட்டாயம், தடை ஆகியவற்றை உணர்த்தும் துணைவினைகளை வகுப்பில் நடத்தத் தொடங்கினேன். 'ஷுட்', 'மஸ்ட்', 'ஹேவ் டு' மூன்றுக்கும் 'வேண்டும்' என்றே பொருள் எழுதிக்கொள்வது மாணவர்களிடையே பரவலான பழக்கம்; அப்படி எழுதியதும் அவற்றுக்கிடையே உள்ள அழுத்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. 'யூ ஷுட் ரெஸ்ட்' என்றால், ஓய்வெடுப்பது நல்லது என்ற அளவில் பேச்சு நின்றுவிடும். கேட்பதும் கேளாததும் எதிரில் இருப்பவரின் விருப்பம். 'யூ மஸ்ட் ரெஸ்ட்' என்னும்போது சொல்பவரே வலியுறுத்துகிறார். 'யூ ஹேவ் டு ரெஸ்ட்' என்பதிலோ, மருத்துவர் சொல்லியிருக்கிறார், விதி அப்படி இருக்கிறது என்பதுபோல் வெளியிலிருந்து வந்த கட்டாயம் பெரும்பாலும் தொனிக்கும். அன்றாடப் பேச்சில் பின்னிரண்டும் கலந்தே வழங்குவதால், இந்த வேறுபாட்டை இறுகிய விதியாகக் கற்பிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஜூன் 5

இன்று எதிர்மறை. இந்தப் பாடத்தின் உயிர்நிலை இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். உணவோடுதான் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத ஒரு மாத்திரைக்குக் குறிப்பு எழுதச் சொன்னபோது, ஒரு மாணவி 'யூ மஸ்ட் நாட் டேக் இட் வித் ஃபுட்' என்று எழுதியிருந்தார். படிப்பவர் அதை, உணவோடு சாப்பிடவே கூடாது என்றுதான் புரிந்துகொள்வார். 'மஸ்ட் நாட்' என்பதில் 'நாட்' செயலைச் சார்கிறது: செய்யாதிருப்பது கட்டாயமாகிவிடுகிறது. 'டோன்ட் ஹேவ் டு' என்பதில் மறுக்கப்படுவது கட்டாயம் மட்டுமே, செய்தாலும் குற்றமில்லை. நம் 'வர வேண்டாம்' இடத்துக்கேற்பத் தடையாகவும் சலுகையாகவும் நிற்கக்கூடியது என்பதால், முதலில் மனத்தில் இருப்பது 'கூடாது' என்பதா, 'தேவையில்லை' என்பதா என்று தீர்மானித்துக்கொண்டு, பிறகு ஆங்கிலத்துக்குப் போகச் சொன்னேன். அந்த மாணவி அடுத்த வரியையே 'யூ டோன்ட் ஹேவ் டு' என்று திருத்திக் காட்டினார்.

ஜூன் 6

'மஸ்ட்' கட்டாயப் பொருளில் இறந்தகாலம் ஏற்பதில்லை. 'ஹேட் டு' என்றே சொல்ல வேண்டும். 'மஸ்ட் ஹேவ் கான்' என்றால் போயிருப்பார் என்ற ஊகம்.

ஜூன் 10

இணையத் தொழில்நுட்ப வரையறைகளை எழுதுவோருக்காக 1997இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2119 என்னும் ஆவணத்தை வகுப்பில் காட்டினேன். 'மஸ்ட்' என்றால் முழுக் கட்டாயம். 'ஷுட்' என்றால், தக்க காரணம் இருந்தால் விலகலாம், ஆனால் விளைவுகளை முழுமையாக எடைபோட்ட பிறகே விலக வேண்டும். 'மே' என்றால் விருப்பம் என்று அது வரையறுக்கிறது. 2017இல் வந்த ஆர்.எஃப்.சி. 8174, இச்சொற்கள் பெரிய எழுத்துகளில் வரும்போது மட்டுமே அந்தச் சிறப்புப் பொருள் பொருந்தும் என்று தெளிவுபடுத்தியது. ஒரு துணைவினையின் பொருளை வரையறுக்கத் தனி ஆவணமே எழுதியிருக்கிறார்கள் என்பது மாணவர்களை வெகுவாக ஈர்த்தது.

ஜூன் 11

'ஹேட் பெட்டர்' பற்றிக் கேள்வி வந்தது. தோற்றத்தில் இறந்தகாலம், பொருளோ இனிச் செய்ய வேண்டியதைப் பற்றியது. செய்யாவிட்டால் கெடுதல் வரும் என்ற எச்சரிக்கை அதில் ஒளிந்திருப்பதால், 'ஷுட்' போல அதை எல்லாரிடமும் சொல்லிவிட முடியாது. மேலதிகாரிக்கு எழுதும் மடலில் அது மிரட்டலாக ஒலிக்கக்கூடும்; அங்கே 'யூ மே விஷ் டு' என்று தொடங்குவதே பொருத்தம் என்று சொல்லி, அடுத்த வகுப்புக்கு அத்தகைய மடல் ஒன்றை எழுதிவரச் சொல்லியிருக்கிறேன்.