ஒருத்திக்கு எதற்கு ஹீட்டர்

நவம்பர் 18
காலையில் விரல் மடங்கவில்லை. எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் பேனா பிடிக்க வரவில்லை. வயதான தேய்மானம் என்றால் அரை மணிக்குள் விறைப்பு விட்டுவிடும், எனக்கிருக்கும் முடக்குவாதம், மூட்டு அழற்சி நோய், அவ்வளவு சீக்கிரம் விடாது. மதியம்தான் இதை எழுதுகிறேன்.

நவம்பர் 19
மின்சார பில் வந்தது. மேசைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 22
கவிழ்த்து வைத்தால் தொகை குறையுமா? எடுத்துப் பார்த்துக் கணக்கும் போட்டேன். முன்னறை ஹீட்டர் 2000 வாட். ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் 2 யூனிட். தங்கை வாங்கிக் கொடுத்த எலக்ட்ரிக் போர்வை 100 வாட்தான், பத்து மணி நேரம் போர்த்தியிருந்தாலும் 1 யூனிட். ஆக, அறையைச் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குவது மலிவு. அவரிடம் பெருமையாகச் சொன்னேன். "போர்வைக்குள்ளேயே உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பியா?" என்கிறார்.

அவர் மட்டும் ஒழுங்கா? வீட்டுக்குள் நுழைந்ததும் ஹீட்டர் குமிழைக் கடைசிவரை திருப்புகிறார், சீக்கிரம் சூடாகுமாம். 20-இல் வைத்தாலும் 30-இல் வைத்தாலும் அது சூடாகும் வேகம் ஒன்றுதான், எப்போது நிற்கும் என்பதுதான் மாறும். எத்தனை வருஷமாகச் சொல்வது.

நவம்பர் 23, ஞாயிறு
மாத்திரை நாள். முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறைதான், தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் டப்பாவில் சிவப்பு மையில் கிழமையை எழுதி ஒட்டியிருக்கிறேன். ஃபோலிக் ஆசிட் வேறு நாளில்.

அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கக் கட்டைவிரலில் வலுவில்லை. கத்தரிக்கோல் பிடியால் அமுக்கினேன். தகடு கிழிந்து மாத்திரை துள்ளி மேசைக்கடியில் ஓடிவிட்டது. குனிந்து எடுப்பதற்குள் முட்டி ஒரு பாட்டு பாடியது. இது எந்த நோய்க்கான மருந்து என்று அட்டை செய்கிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை போலிருக்கிறது.

டிசம்பர் 2
மீட்டர் பார்த்தேன். இனி வெள்ளிக்கிழமை வரை அந்தப் பக்கம் போவதில்லை.

டிசம்பர் 4
போய்விட்டேன். வியாழக்கிழமையே.

வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொல்லியிருக்கிறது. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அதற்கு மேலும் தேவைப்படலாம். இன்று காலை முன்னறையில் 14. ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர், விரல் நுனி வெட்டிய கையுறை, இரண்டு ஜோடிக் காலுறை. ஸ்விட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ஒன்று கவனித்தேன். அவர் வீட்டில் இருந்தால் யோசிக்காமல் போடுகிறேன். மகள் வருகிறாள் என்றால் முந்தைய நாளே போட்டு வைக்கிறேன். நான் மட்டும் இருக்கும்போது, ஒருத்திக்கு எதற்கு என்று தோன்றிவிடுகிறது. வலி என்னவோ அந்த ஒருத்திக்குத்தான்.

டிசம்பர் 9
டாக்டர். உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, ஈஎஸ்ஆர், போன தடவையைவிடக் குறைந்திருக்கிறது. அப்புறம் ஏன் இவ்வளவு வலி என்று கேட்டேன். குளிர் மூட்டை அரிப்பதில்லை, வலியையும் விறைப்பையும்தான் கூட்டும் என்றார். நல்ல செய்திதான், சந்தோஷப்பட வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு இதை என் மணிக்கட்டிடம் யார் சொல்வது?

தொடையில் பழுப்பாக வலை விரித்த மாதிரி கோடுகள் வந்திருப்பதையும் காட்டினேன். பார்த்த உடனே, "வெந்நீர்ப் பையை எங்கே வைச்சுக்கறீங்க?" என்றார். ஒரே இடத்தில் நாள்கணக்காகச் சூடு பட்டால் இப்படித்தான் வருமாம், சுடும் அளவுக்குச் சூடு இருக்க வேண்டும் என்றில்லை. கனமான துணி சுற்றணும், ஒரே இடத்தில் வைக்கக் கூடாது, மடியில் வைத்துக்கொண்டே தூங்கக் கூடாது. நிறம் போக மாதக்கணக்கில் ஆகலாம், போகாமலும் நிற்கலாம். ஹீட்டருக்குப் பதில் பை என்று மிச்சம் பிடித்தது தோலில் எழுதியிருக்கிறது.

அவரிடம் கோடுகளைக் காட்டவில்லை.

டிசம்பர் 12
வெயில்! ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு வெயில் நகர நகர நானும் நகர்ந்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் கையை வைத்திருந்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினேன். மதியத்துக்குள் இரண்டு பட்டன் போட முடிந்தது, சட்டையின் கீழ்ப் பட்டன்கள், பெரியவை. பின்னறையை மூடி, கதவின் அடி இடுக்கில் பழைய துண்டைச் சுருட்டி வைத்தேன். முன்னறைக்கு வந்துகொண்டிருந்த குளிர்காற்று உடனே நின்றது. காசில்லாத வைத்தியம்.

டிசம்பர் 13
மழை. மணிக்கட்டு. எழுத முடியவில்லை.

டிசம்பர் 17
அவர் சீக்கிரமே வந்துவிட்டார். கோட், போர்வை, கையுறை சகிதம் நான் சோபாவில். ஹீட்டர் அணைந்திருக்கிறது.

"பில் கட்டறது நான்தானே, உனக்கென்ன?"

"அதனாலதான்."

அதோடு சரி. இரவுவரை பேச்சில்லை. ஈரத்துணியை முன்னறைக் கொடியில் போட்டதற்குக்கூட அவர் ஒன்றும் சொல்லவில்லை, எப்போதும் பூஞ்சை பிடிக்கும் என்று கத்துவார். கத்தியிருந்தால் தேவலை.

டிசம்பர் 18
காலையில் எழுந்து வந்தால் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, அவர் வேலைக்குப் போய்விட்டார். குமிழ் 19-இல். கடைசிவரை திருப்பாமல் 19-இல்! அணைக்கலாமா என்று நின்றேன். அரை மணி என்றால் 1 யூனிட். அணைக்கவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு
மாத்திரை. நாளை முழுக்கக் குமட்டும், அசதியாக இருக்கும், தெரிந்ததுதான். மீட்டர் பார்க்கவில்லை.

டிசம்பர் 24
தொடைக் கோடுகளை அவர் பார்த்துவிட்டார். நான் எதிர்பார்த்த சண்டை வரவில்லை. பழைய பில்களையெல்லாம் எடுத்து வைத்து, வருஷம் முழுவதற்கும் சமமாகப் பிரித்துக் கட்ட வழி உண்டா என்று மின்சாரக்காரர்களுக்குப் போன் போட்டுக் கேட்டார். கோடையில் கூடுதலாகக் கட்டினாலும் பரவாயில்லையாம். திரும்பக் கூப்பிடுகிறோம் என்றிருக்கிறார்கள்.

மகள் சனிக்கிழமை வருகிறாள். பின்னறையைத் திறந்து சூடேற்ற வேண்டும். நேற்றுவரை அதை நினைத்தாலே யூனிட்தான் மனதில் ஓடியது, இப்போது அலமாரி மேலிருக்கும் கனமான மெத்தையை யார் இறக்குவது என்பதுதான். அவரிடம் கேட்க வேண்டும்.