குவாரி டயர்களைச் சுங்கை சிப்புட்டுக்குக் கொண்டு வந்த அனுபவம்

அண்ணனின் லோரிகள் பெரும்பாலும் செம்பனைக் குலையும் உரமும் ஏற்றுபவை. கணக்கு, பேப்பர் வேலை, போன் எல்லாம் என் பொறுப்பு. சுங்கை சிப்புட் பக்கத்தில் இருக்கும் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி, தன் டம்ப் டிரக்குக்கு நான்கு டயர்களைக் கிள்ளானிலிருந்து ஏற்றி வர முடியுமா என்று கேட்டது. இந்த மாதிரி வேலை நம் ஊர்ப் பக்கத்துச் சின்ன லோரிக்காரர்களுக்கும் வருகிறது. அதனால்தான் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

அளவு 27.00 ஆர் 49 என்றார்கள். முதல் எண் டயரின் அகலம், கடைசி எண் ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலக் கணக்கு. நமக்கு முக்கியமான எண் அதில் இல்லை: டயரை நிமிர்த்தி வைத்தால் எவ்வளவு உயரம் வரும்? இந்த அளவுக்கு ஏறக்குறைய 2.7 மீட்டர். எடை ஒவ்வொன்றும் ஒன்றரை டன்னுக்கு மேல். 90 டன் கல் சுமக்கும் வண்டிக்குப் போடுவது, லேசாக இருக்குமா? கம்பெனிக்குக் கம்பெனி சில சென்டிமீட்டர் மாறும் என்பதால், தயாரிப்பாளரின் அளவுத் தாளைக் கேட்டு வாங்கின பிறகுதான் வாடகையைப் பற்றிப் பேசினேன்.

நம் மலேசியாவில் லோரியின் அகலம் 2.5 மீட்டரைத் தாண்டக்கூடாது. 2.7 மீட்டர் டயரைப் படுக்க வைத்தால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படித்தான் கொண்டு போவேன் என்றால் தனி அனுமதிக்கு அலைய வேண்டும். டயரை விற்றவர் தரப்பில், “படுக்க வைத்து அடுக்கிவிடலாம், வேலை சீக்கிரம் முடியும்” என்று போனில் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அகலம் மட்டும் காரணமில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருக்கும் டயர் நசுங்கி, அதன் இரண்டு உள்விளிம்புகளும் நெருங்கிவிடும். இது டியூப் இல்லாத டயர். விளிம்பு ரிம்மில் சரியாக உட்கார்ந்தால்தான் காற்று நிற்கும். நெருங்கிப்போன விளிம்பை உட்கார வைக்க குவாரிப் பட்டறையில் படும் பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆகவே நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். அதுவும் டயர் லோரியின் நீளவாக்கில், ஓடுகிற திசையில் நிற்க வேண்டும். குறுக்கே திருப்பினால் பழைய கதைதான், 2.7 மீட்டரும் அகலவாக்கில் வந்து வெளியே நீட்டும். நீளவாக்கில் நின்றால் ஒன்றின் அகலம் முக்கால் மீட்டர் போல. இரண்டை ஜோடியாக நிறுத்தலாம், பின்னால் இன்னொரு ஜோடி. தட்டு தாழ்வான டிரெய்லர் ஒன்றைத் தெரிந்தவரிடம் வாடகைக்கு எடுத்தோம். தட்டு தரையிலிருந்து ஒரு மீட்டர்தான் என்பதால் மொத்த உயரம் நான்கு மீட்டருக்குள் அடங்கியது. மற்றவர் சரக்கை வாடகைக்கு ஏற்ற ‘ஏ’ வகைப் பெர்மிட் வேண்டும், சொந்தச் சரக்குக்குத்தான் ‘சி’. வாடகைக்கு எடுக்கும் வண்டியில் இதை முதலில் பாருங்கள். புஸ்பாகோம் (வாகனப் பரிசோதனை நிலையம்) பரிசோதனைத் தேதி, ஓட்டுநரின் ஜிடிஎல் (சரக்கு வண்டி ஓட்டும் உரிமம்) தேதி இரண்டையும் அதோடு சேர்த்துப் பாருங்கள். 2025 மே மாதம் தெலுக் இந்தானில் கல் லோரி மோதி 9 கலகத் தடுப்புப் போலீஸ்காரர்கள் இறந்த பிறகு, எங்கள் பக்கம் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) லோரிகளை நிறுத்திப் பார்ப்பது கூடியிருக்கிறது. கூடத்தான் வேண்டும்.

கிள்ளானில் ஏற்றும்போதுதான் உண்மையான சண்டை. கிரேன் ஆள் சங்கிலியை டயர் ஓட்டைக்குள் விட்டுத் தூக்கப் போனார். அண்ணன் குறுக்கே போய் நின்றுவிட்டார். உள்விளிம்புக்குள் எஃகுக் கம்பிக் கட்டு இருக்கிறது. ஒன்றரை டன்னும் மெல்லிய சங்கிலியில் தொங்கினால் ரப்பர் கிழிந்து கம்பி வெளியே தெரியும். ஏற்றும்போது ஒன்றும் தெரியாது, குவாரியில் காற்றடிக்கும்போது தெரியும், அப்போது பழி நம் தலையில். “அண்ணே, எல்லாரும் இப்படித்தான் தூக்குறாங்க” என்றார் அவர். “எல்லாரும் தூக்கட்டும் தம்பி, இது வேண்டாம்” என்று அண்ணன் சொல்லிவிட்டார். கடைசியில் பெரிய போர்க்லிப்ட் வரும்வரை காத்திருந்தோம். அதன் இரண்டு கைகளையும் அகல விரித்து, டயரின் அடியில், சாலையில் படும் பக்கத்தில் கொடுத்துத் தூக்கினார்கள். போர்க்லிப்ட் இல்லாத இடமென்றால் அகலமான நைலான் பெல்ட் போதும், சங்கிலியும் இரும்புக் கயிறும் கூடாது.

கட்டுவதில் நேரம் போனது. நீளவாக்கில் நிற்கும் டயர் உருளத்தான் பார்க்கும். பிரேக் பிடித்தால் முன்னால் போகும், ஏறுமுகத்தில் பின்னால் வரும். ஒவ்வொரு டயருக்கும் முன்னும் பின்னும் ஆப்பு மாதிரி அறுத்த கெட்டி மரக்கட்டைகளைத் தட்டில் ஆணியடித்து வைத்தோம். ஜோடியை அகல பெல்ட்டால் ஒன்றாகக் கட்டி, பெல்ட் விளிம்பில் படும் இடங்களில் பழைய கம்பளத் துண்டுகளைச் செருகினோம். பிறகு மேலிருந்து பெல்ட்டைக் குறுக்கும் மறுக்குமாக இழுத்து முறுக்கினோம். ஐரோப்பிய விதியில் சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசை முன்பக்கம் தள்ளினாலும் கட்டு தாங்க வேண்டும் என்று இருக்கிறது. நானும் அதையே கணக்காக வைத்துக்கொண்டேன். 2024 டிசம்பர் 23 அன்று வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் மலாக்கா பக்கம் லோரியிலிருந்து கழன்ற ஒரு டயர், 7 உயிர் போன விபத்துக்குக் காரணமானது. அது சாதாரண லோரி டயர். இது ஒன்றரை டன்.

சாலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலை, மாலை நெரிசல் நேரத்தில் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள சில நெடுஞ்சாலைப் பகுதிகளில் கனரக லோரிக்குத் தடை உண்டு, அதைக் கணித்துக் கிளம்பினோம். பெருநாள் நேரத்தில் சில நாட்கள் முழுத் தடையே வரும், அந்தத் தேதிகளையும் முன்கூட்டியே பாருங்கள். தாப்பா ஓய்விடத்தில் நிறுத்திப் பார்த்தபோது முன்ஜோடியின் பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தது, மறுபடி முறுக்கினோம். புதுக்கட்டு முதல் ஒரு மணி நேரத்தில் தளர்வது வழக்கம்தான். ஈப்போ வடக்கில் இறங்கி, செம்மோர் வழியாகப் பழைய சாலையைப் பிடித்தோம். குவாரிக்குப் போகும் தோட்டத்துச் சாலையை அண்ணன் முந்தைய நாளே மோட்டார் சைக்கிளில் போய், தாழ்வான கம்பி, செம்பனை மட்டை, உயரத்தடை ஏதும் இருக்கிறதா என்று பார்த்து வைத்திருந்தார். ஓரிடத்தில் செம்பனை மட்டைகள் தாழ்ந்திருந்ததால், தோட்ட மண்டோரிடம் சொல்லி வெட்டிவிட்டார்கள். ரப்பர் பால்மரம் வெட்டின ஊர் இது. இவ்வளவு பெரிய டயர்களில் இன்னமும் அதிகம் இருப்பது இயற்கை ரப்பர்தான், ஓடும்போது சூடு குறைவாக ஏறும், கல் கிழித்தாலும் லேசில் பிரியாது.

இறக்கும்போதும் போர்க்லிப்ட்தான். ஒவ்வொரு டயரின் எண்ணையும் படம் எடுத்து, டிஓவில் (சரக்கு ஒப்படைப்புச் சீட்டில்) உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, இரண்டு உள்விளிம்புகளையும் குவாரி மெக்கானிக் கையால் தடவிப் பார்த்த பிறகே கையெழுத்து வாங்கினேன்.

டயர்களை எங்கே வைப்பது என்பதில் குவாரிக்காரர்களிடம் பேச வேண்டி வந்தது. வெல்டிங் பட்டறைக்குப் பக்கத்தில் வைக்கப் பார்த்தார்கள். வெல்டிங்கிலும் மின்மோட்டாரிலும் எழும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழ வைக்கும், வெயிலும் அப்படியே. கூரைக்கு அடியில் மாற்றினார்கள். இடம் போதாமல் ஒன்று வெளியே நின்றது, அதற்குக் கான்வாஸ் போட்டோம். நிமிர்ந்து நிற்கும் டயரின் அடிக்குழியில் மழைத்தண்ணீர் தேங்கும். ஏடிஸ் கொசு வந்துவிட்டால் 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதம் விழும். அபராதத்தை விடுங்கள், குவாரி லயத்தில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

வாடகை பேசும்போது மரக்கட்டை, பெல்ட் செலவையும் ஏற்றும் இடத்தில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். போர்க்லிப்ட் யாருடையது, யார் பணம் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் கிள்ளானில் சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் அவசரப்படுத்தும்போது, மறுப்பதற்கு நம் கையில் ஒன்றும் இருக்காது.